எடையைக் கேட்டால் நெல் ரகத்தில் பிழை: போஸ்ட்கிரெஸ் உதவி தேவை

வீரவநல்லூர்:
அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையின் கணக்கைப் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் வைத்திருக்கிறோம். எடை, ஈரப்பதம், ரகம் எல்லாம் 'மதிப்பு' என்ற ஒரே எழுத்துப் பத்தியில் இருக்கின்றன. எது எந்த விவரம் என்பது வேறொரு டேபிளில். இரண்டையும் ஜாயின் செய்து (இணைத்து), 'விவரம் எடையாக இருக்க வேண்டும்' என்று முதலில் எழுதி, அடுத்ததாக மதிப்பை எண்ணாக மாற்றி 50-க்கு மேல் உள்ளவற்றைக் கேட்கிறேன். கார் பருவ அறுவடைப் பதிவுகளை ஏற்றியதிலிருந்து, 'அம்பை 16' என்ற நெல் ரகப் பெயர் எண் அல்ல என்று குவெரி (கேள்வி) நின்றுவிடுகிறது. ரகத்தை முதல் நிபந்தனையே ஒதுக்கியிருக்க வேண்டாமா?

தென்காசி:
நிபந்தனைகளுக்கு அடைப்புக்குறி போட்டுப் பாருங்கள், அண்ணாச்சி. இல்லையென்றால் எடையைப் பிரிக்கும் பகுதியை 'வித்' போட்டு மேலே எழுதுங்கள்.

வீரவநல்லூர்:
இரண்டையும் செய்தாயிற்று. அதே பிழைதான்.

பாளையங்கோட்டை:
அடைப்புக்குறியால் இது தீராது. 'ஆண்ட்', 'ஆர்' கலந்து வரும்போது எது எதோடு சேரும் என்பதை மட்டுமே அது சொல்லும். எழுதிய வரிசையிலேயே நிபந்தனைகளைச் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயம், குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில் கிடையாது. போஸ்ட்கிரெஸ் கையேடும் இதையே சொல்கிறது.

உங்கள் எண் நிபந்தனை மதிப்பு டேபிளை மட்டும்தான் தொடுகிறது. அதனால் ஜாயினுக்கு முன்பே, டேபிளைப் படிக்கும்போதே அதைச் சோதிக்கும்படி பிளானர் (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பகுதி) திட்டமிடலாம். முன்பு இண்டெக்ஸ் (தேடல் அட்டவணை) வழியாக எடை வரிசைகளை மட்டும் எடுத்திருக்கும். பதிவுகள் பெருகியதும் முழு டேபிளையும் படித்து ஹேஷ் ஜாயின் என்ற முறையில் இணைப்பதே மலிவு என்று முடிவெடுத்திருக்கும். குவெரி ஓடும் வழியைக் காட்டும் எக்ஸ்பிளைன் கட்டளையைப் போட்டு, நிபந்தனையைச் சோதிக்கும் 'ஃபில்டர்' வரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து, ஒரே இடத்தில் பயன்படும் 'வித்' பகுதி பிரதான குவெரிக்குள் கரைந்துவிடுகிறது; அதனால்தான் அது உங்களுக்கு உதவவில்லை. 'மெட்டீரியலைஸ்டு' என்று சேர்த்தால்தான் தனியாக நிற்கும். ஆனால் நான் 'கேஸ்' எழுதுவேன்: விவரம் எடையாக இருந்தால் மட்டும் மதிப்பை எண்ணாக மாற்று, வரும் விடையை 50-உடன் ஒப்பிடு. இப்போது நிபந்தனை இரண்டு டேபிளையும் தொடுவதால் ஜாயினுக்கு முன் அதைச் சோதிக்கவே முடியாது.

வீரவநல்லூர்:
நீங்கள் சொன்னபடியே 'ஃபில்டர்' மதிப்பு டேபிளின் அடியில்தான் நிற்கிறது, அண்ணாச்சி. 'கேஸ்' எழுதியதும் ஓடிவிட்டது. மிக்க நன்றி. சராசரி எடைக்கும் இப்படியே எழுதலாமா?

பாளையங்கோட்டை:
எழுதலாம், தம்பி. ஆனால் 'கேஸ்' சராசரிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே வைத்தால் சராசரி முதலில் கணக்காகி, பிழை திரும்பிவிடும். பிசானப் பருவப் பதிவு தொடங்குமுன் எடைக்குத் தனியாக ஓர் எண் பத்தி வைத்துவிடுங்கள். எண்ணை எழுத்தாக வைத்திருக்கும்வரை ஒவ்வொரு குவெரியிலும் இந்தக் காவல் வேண்டியிருக்கும்.