சந்தன விதை: 48 நாளில் 6 சதவீதம்தான் முளைப்பு, முளைத்த நாற்றும் வெளுக்கிறது

செம்மண்காடு:
1 கிலோ சந்தன விதை. "இந்த சீசன் புது விதை" என்று சொல்லிக் கொடுத்தது. சதை நீக்கிக் காயவைத்தே வந்தது. கடையில் வாங்கிய ஜிப்ரலிக் அமிலத்தை (பயிர் வளர்ச்சி ஊக்கி) லிட்டருக்கு 2 மில்லி கலந்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, 4 மீட்டர் நீளம் 1 மீட்டர் அகலப் பாத்தியில் விதைத்தேன். பாத்தியில் செம்மண் பாதி, மணல் பாதி. மேலே வைக்கோல், 50% நிழல்வலை. தினமும் காலையில் பூவாளித் தண்ணீர், போர் தண்ணீர்தான்.

48 நாளில் 360 முளைத்திருக்கிறது. அதில் முன்னால் வந்த 210 நாற்றை நாலு இலையில் பாலிதீன் பைக்கு மாற்றி 22 நாள் ஆகிறது. வளர்ச்சி நின்றுபோய் மஞ்சளாகிறது. விதை கெட்ட விதையா? பாத்தியைக் கலைத்துவிடலாமா? மஞ்சளுக்கு யூரியா தெளிக்கலாமா?

விதைக்கூடை:
பாத்தியைக் கலைக்காதீங்க, யூரியாவும் வேண்டாம். முதலில் மூன்று தகவல் தேவை.

1) ஜிப்ரலிக் பாட்டில் லேபிளில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது?

2) பாத்தியின் நாலு மூலையிலும் நடுவிலும் பத்துப் பத்தாக, முளைக்காத 50 விதையைத் தோண்டி எடுங்க. கொறடில் வைத்து மெதுவாக நெருக்கினால் ஓடு வெடிக்கும். உள்ளே பருப்பு வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிகிற மாதிரி கெட்டியாக இருந்தால் உயிருள்ள விதை. பழுப்பேறிக் கொழகொழவென்றிருந்தால் அழுகல். சுருங்கிய பருப்போ வெறும் ஓடோ என்றால் சொத்தை. சந்தன விதை கிலோவுக்கு ஏறத்தாழ 6,000 நிற்கும், 50 போனால் நட்டமில்லை.

3) வெளுத்த நாற்றில் மஞ்சள் முதலில் எங்கே வந்தது? கீழ் இலையிலா, கொழுந்திலா? கொழுந்தில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் வெளுத்திருக்கிறதா? ரெண்டு பையைக் கிழித்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்துச் சொல்லுங்க. பையில் சந்தனத்தோடு வேறு என்ன செடி வைத்திருக்கீங்க?

செம்மண்காடு:
லேபிளில் 0.001% என்று இருக்கிறது.
50-ல் 34 வெள்ளைப் பருப்பு, 9 சொத்தை, 7 அழுகல்.
சுமார் 160 நாற்றில் செடி முழுக்க ஒரே மாதிரி வெளிறிய பச்சை. வேர் வெள்ளைதான், ஆனால் குட்டை. மீதி 50-ல் இலை முதலில் தொங்கி, இரண்டு மூன்று நாளில் திடீரென்று மஞ்சளானது. அதன் வேர் பழுப்பு, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வருகிறது.
பையில் வேறு செடி இல்லை. நாற்று கொஞ்சம் தேறிய பிறகு துவரை போடலாம் என்று இருந்தேன்.

விதைக்கூடை:
அப்போ விதை மேல் பழியில்லை. 34/50 என்றால் முளைக்காததில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் உயிரோடு, தூக்கத்தில் இருக்கிறது. "புது விதை" என்று சந்தோஷப்பட்டது ஒருபக்கம். பழம் பறித்து ஏறத்தாழ 2 மாதம் வரை சந்தனத்துக்கு உறக்க காலம் உண்டு. இந்த விதைக்குப் புதுசாக இருப்பதே ஒரு தடை. அதை உடைக்கத்தான் ஜிப்ரலிக்.

தேவையான அளவு 500 பிபிஎம், அதாவது லிட்டருக்கு அரை கிராம் சரக்கு. உங்கள் பாட்டில் 0.001%. அந்தத் திரவத்தை ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினாலும் 10 பிபிஎம்தான். அதிலிருந்து லிட்டருக்கு 2 மில்லி என்றால் 0.02 பிபிஎம். விதை ராத்திரி முழுக்க வெறும் தண்ணீரில்தான் ஊறியிருக்கிறது. அது பயிர் மேல் தெளிக்கிற சரக்கு, விதை ஊறவைக்க ஆகாது. இந்த இடத்தில் சறுக்குகிறவர்கள் ஏராளம்.

இனிமேல் செய்ய வேண்டியது:

பாத்தி மண்ணைச் சல்லடையில் அலசி விதையைப் பிரிச்சு எடுங்க. ஓட்டில் கீறல் விழுந்தது, முளை எட்டிப் பார்த்தது எல்லாவற்றையும் தனியாக எடுத்து உடனே ஈர மணலில் வையுங்க. அதை மறுபடி ஊறவைத்தால் முளை கருகும். அழுத்தினால் நசுங்குவதை வீசிவிடுங்க. மீதியை நன்றாகக் கழுவி, நிழலில் 2 நாள் பரப்புங்க. ஈரம் இறங்கினால்தான் கரைசலை உறிஞ்சும்.

90% ஜிப்ரலிக் தூள் வாங்குங்க. லிட்டருக்கு 0.55 கிராம். விதை மூழ்க ஒன்றரை லிட்டர் போதும், அதற்கு 0.83 கிராம். சமையல்கட்டுத் தராசில் இதை நிறுக்க முடியாது, நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டுவது வேண்டும். தூளை நேராகத் தண்ணீரில் போட்டால் சரியாகக் கரையாமல் அடியில் தங்கும். 10 மில்லி சர்ஜிகல் ஸ்பிரிட்டில் முழுசாகக் கரைத்து, அதைத் தண்ணீரில் கிளறிக்கொண்டே ஊற்றுங்க. போர் தண்ணீர் வேண்டாம். காரத் தன்மையுள்ள தண்ணீரில் மருந்து வீரியம் இழக்கும். மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்க. கரைத்த அன்றே, நிழலில், 16 மணி நேரம் ஊறவையுங்க. மிச்சக் கரைசலை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்காதீங்க.

மறு விதைப்பில் மண் கலவையையும் மாத்துங்க: மணல் 3, செம்மண் 1. பாதிக்குப் பாதி செம்மண் போட்டால் பூவாளித் தண்ணீரில் மேலே ஓடு கட்டும், அந்த 7 அழுகலுக்கு அதுதான் காரணமாக இருக்கும். 10 சதுர மீட்டருக்கு 2.5 கிலோ விதை என்பது கணக்கு, அதை நீங்கள் சரியாகத்தான் போட்டிருக்கீங்க.

மலையடிவாரம்:
மணல் என்றதும் எம்-சாண்டைக் கொட்டிவிட வேண்டாம். அதிலுள்ள கல்மாவு இறுகிக்கொள்ளும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டை மூன்று தடவை கழுவி மாவு போக்கிப் போடுங்க. பாத்தி மேல் கம்பி வலையும் வேண்டும். சந்தனப் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய். எலியும் அணிலும் வரிசை பிடித்துத் தோண்டும், நாம் முளைக்கவில்லை என்று கணக்கு எழுதிக்கொண்டிருப்போம்.

பச்சைநிழல்:
பை விஷயத்துக்கு வருகிறேன். ரெண்டு விதமான நோவை ஒன்றாகப் பார்க்கிறீங்க.

வெளிறிய அந்த 160-க்கு வியாதி இல்லை, பசி. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலையில் தானே உணவு தயாரிக்கும், ஆனால் தழைச்சத்து, மணிச்சத்து, தண்ணீர் இவற்றில் பெரும்பங்கைப் பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சுமொட்டு பதித்து எடுக்கும். முதல் சில வாரம் விதைப் பருப்பிலுள்ள சத்தில் ஓட்டிவிடும். அது தீர்கிற நேரத்தில் துணைச்செடி வேர் கைக்கு எட்டவில்லை என்றால் இப்படி நின்றுபோகும். தேறிய பிறகு துவரை என்றால் தேறவே தேறாது.

யூரியா தெளித்தால் இலை ரெண்டு வாரம் பச்சையாகத் தெரியும், பிரச்சினை மறைந்துகொள்ளும். அவ்வளவுதான்.

பைக்குத் துவரையை விட எனக்குப் பொன்னாங்கண்ணி பிடிக்கும். 10 செ.மீ. தண்டு, ரெண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, நாற்றிலிருந்து 3 - 4 செ.மீ. தள்ளி. ஒரே வாரத்தில் வேர் விடும், தரையோடு படரும், நிழல் கட்டாது. துவரை என்றால் பை ஓரத்தில் ரெண்டு விதை. நாற்றை விட உயரமாகப் போகிற போதெல்லாம் நுனி கிள்ள வேண்டும், விட்டால் சந்தனத்தை அமுக்கிவிடும். ஒட்டியதா என்று பார்க்க ஒரு மாதம் கழித்து ஒரு பையைக் கிழித்து அலசுங்க: சந்தன வேரில், கடுகை விடச் சின்னதாக, வெள்ளை மணி கவிழ்த்த மாதிரி மொட்டுகள் பொன்னாங்கண்ணி வேரைக் கவ்விக்கொண்டு தெரியும். அது தெரிந்தால் இலை தானாகப் பச்சைக்கு வரும்.

அந்த 50-ஐக் காப்பாற்ற முயலாதீங்க. தொங்கி, பிறகு திடீர் மஞ்சள், தோல் உருவுகிற வேர் என்றால் நூற்புழு (மண்ணில் வாழ்ந்து வேரைக் குத்தும் நுண்புழு) குத்திய காயம் வழியாகப் பூஞ்சாணம் நுழைந்த அறிகுறி. சந்தன நாற்றங்காலில் இந்த இரண்டும் கூட்டாகத்தான் வரும். பையோடு அப்புறப்படுத்துங்க, அந்த மண்ணை மறுபடி எதற்கும் பயன்படுத்தாதீங்க. மற்ற பைகளுக்குத் தண்ணீர் தினம் ஒரு வேளை, அதுவும் மேல்மண்ணைக் கிள்ளிப் பார்த்து உலர்ந்திருந்தால் மட்டும்.

கரிசல்:
பழைய கையேட்டில் பாத்திக்குத் திமெட் குருணை 500 கிராம் போடச் சொல்லியிருக்கிறதே, நூற்புழுவுக்கு அது போதாதா?

பச்சைநிழல்:
திமெட் என்பது போரேட். 2020 முடிவோடு இந்தியாவில் தடை. பழைய கையேட்டைப் படிக்கும்போது மருந்துப் பகுதியை மட்டும் தாண்டிவிடுங்க. வெயில் காலமாக இருந்தால் பாத்தியை நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலிதீனை இழுத்து மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து 5 - 6 வாரம் விடுங்க. மேல் மண்ணின் நூற்புழு பெரும்பாலும் வெந்துபோகும். பைக்கலவை மணல் 2, செம்மண் 1, மக்கிய தொழுவுரம் 1. அதோடு வேப்பம்புண்ணாக்குத் தூள் பைக்கு ஒரு கை. தக்காளி, கத்திரி போட்ட நிலத்து மண்ணை அள்ளாதீங்க, வேர்முடிச்சு நூற்புழு அங்கிருந்துதான் வரும். பை 30 × 14 செ.மீ. அளவு. சின்னப் பையில் ரெண்டு வேரும் சுருண்டுகொள்ளும்.

செம்மண்காடு:
மறுபடி ஊறவைத்து விதைத்து இன்று 27 நாள். 1,100 தாண்டிவிட்டது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பொன்னாங்கண்ணி வைத்த பைகளில் புது இலை பச்சையாக வருகிறது. ஒரு சந்தேகம்: பாதி நாற்றில் விதை ஓடு தலையிலேயே தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது. கிள்ளி எடுத்துவிடலாமா?

விதைக்கூடை:
தொடாதீங்க. கொக்கி மாதிரி வளைந்து வருகிற முளை நிமிரும்போது ஓட்டையும் தூக்கிக்கொண்டுதான் வரும். உள்ளே பருப்பு மிச்சமிருக்கிறது, நாற்று அதைத்தான் தின்றுகொண்டிருக்கிறது. கிள்ளினால் கொழுந்தும் சேர்ந்து ஒடியும். காலையில் புகைமாதிரி தண்ணீர் தெளித்தால் ஓடு இளகித் தானாக விழும். வைக்கோலை மட்டும் இன்றே எடுத்துவிடுங்க, இல்லாவிட்டால் தண்டு வெளுத்து நீளும்.