கேமரா இருக்கும்போது ஜாடியை எதற்கு வரைந்தார்கள்?

நீர்க்கோடு: அமெரிக்காவில் 1935இலிருந்து 1942 வரை அரசே சம்பளம் கொடுத்து, ஓவியர்களை ஜாடி, பொம்மை, நாற்காலி, ஒட்டுத்துணி விரிப்பு, கூரையில் சுழலும் காற்றுத்திசைச் சேவல் என்று வரையவைத்தது. 'அமெரிக்க வடிவமைப்பு' (Index of American Design) என்ற தொகுப்பு, ஏறக்குறைய 18,000 வாட்டர்கலர் படங்கள். இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றன. ஒரு கிளிக்கில் முடிகிற வேலைக்கு ஏன் இத்தனை கூத்து?

தறிக்காரி: அது எந்தக் காலம் என்று பாருங்கள். கோடாக்ரோம் கலர் ஃபிலிமே 1935இல்தான் வந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஜாடியில் தீட்டிய பூ நீலமா பழுப்பா என்று தெரியாது. விரிப்பென்றால் கேட்கவே வேண்டாம், அதில் நிறம்தானே எல்லாம்!

நீர்க்கோடு: சரி, நிறத்துக்காக என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஓவியர் கை தெரியவே கூடாது என்று அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். எகிப்தியப் பழம்பொருள்களைப் படியெடுக்கும் முறையை ஒட்டிப் பயிற்சியாம். வெள்ளைத்தாளில் பொருள் மட்டும், பின்னணி கிடையாது. சொந்தமாக வரைய வந்தவரை நகலெடுக்கும் குமாஸ்தா ஆக்கிவிட்டார்கள்.

தறிக்காரி: பெருமந்தக் காலம் சார் அது, 1930களின் பொருளாதார வீழ்ச்சி. வேலையில்லாத ஓவியருக்கு வாராவாரம் சம்பளம் வந்தது. குமாஸ்தா என்கிறீர்களே, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெய்த துணியில் இழை இழையாகத் தூரிகை போயிருக்கும். மர பொம்மையில் பெயின்ட் உரிந்த இடத்தை உரிந்தபடியே வைத்திருப்பார்கள், புதுசாக்கிக் காட்டமாட்டார்கள். இதைச் செய்ய எத்தனை நாள் உட்கார வேண்டும்!

மண்வாசல்: நீங்கள் இருவரும் தூரிகையைப் பிடித்துக்கொண்டே சண்டை போடுகிறீர்கள். தொகுப்பின் பெயர் அமெரிக்க வடிவமைப்பு. ஆனால் பூர்வகுடிகளின் பானையும் கூடையும் அதில் இல்லை. அவை மானிடவியலாளர் பாடு என்று வேண்டுமென்றே ஒதுக்கினார்கள். அந்த மண்ணில் முதலில் பானை வனைந்தவர் யார்?

தறிக்காரி: அதற்கு என்னிடம் பதில் இல்லை. குறைதான். ஷேக்கர் சமயக் குழுவினரின் எளிய மரச்சாமான்களும், நியூ மெக்ஸிகோவின் ஸ்பானியத் திருவுருவங்களும் இருக்கின்றன, அதனால் வெறும் நியூ இங்கிலாந்துப் பெருமை, அதாவது ஆங்கிலேயர் குடியேறிய வடகிழக்கின் பெருமை என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல, தெரிகிறது.

நீர்க்கோடு: பெரிதாக்கிப் பார்த்தேன். குமாஸ்தா என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். மண்வாசல் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.