களி கிண்டினாலும் சாயாத, புகை குறைந்த அடுப்பு எது?

அனைவருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. கேஸ் இருக்கிறது; ஆனாலும் வெந்நீர், கேழ்வரகுக் களி எல்லாம் விறகடுப்பில்தான். அம்மாவின் இருமல் நின்றபாடில்லை, அதனால் அடுப்பை மாற்றியே ஆக வேண்டும்.

எங்களுக்கு எரிக்கக் கிடைப்பவை மல்லாட்டைத் (நிலக்கடலை) தோல், கொட்டாங்குச்சி, வேலிகாத்தான் (சீமைக்கருவேல) குச்சி. எந்தக் கடையில் கேட்டாலும் "எல்லாம் எரியும்" என்கிறார்கள். தோலைக் கொட்டினால் காற்று வழி அடைத்துப் புகைகிறதே என்றால் பேச்சை மாற்றுகிறார்கள்.

பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி வைத்த விறகடுப்பில் மேல் துளைகள் வழியே பாயும் காற்று புகையில் பெரும்பகுதியை எரித்துவிடுகிறது. விறகடுப்புகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 13152-இன்படி அதன் வெப்பத்திறன் (எரிபொருளின் சூட்டில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் பங்கு) குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும். விசிறி இல்லாததற்கு 25 போதும். ஆகவே மனம் விசிறிப் பக்கம் சாய்கிறது. ஆனால் பேட்டரி எத்தனை காலம் உழைக்கும்?

இன்னொன்று. கவைக்கோலால் (நுனி இரண்டாகப் பிரிந்த கோல்) பானையை அழுத்திப் பிடித்துத்தான் களி கிண்டுவோம். மெல்லிய தகர அடுப்பு அந்த வேகத்துக்குத் தாங்காது.

வேலூர், குடியாத்தம், ஆரணிப் பக்கம் யாராவது இப்படிப்பட்ட அடுப்பை வைத்திருக்கிறீர்களா? மல்லாட்டைத் தோலைத் தனியாகப் போட்டு எரித்துப் பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. விசிறி பழுதானால் இங்கேயே சரிசெய்ய முடிய வேண்டும்.