பழைய போட்டோ ஸ்கேன்: ஜேபெக்கா டிஃப்பா, கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா பாட்டி கல்யாண போட்டோல ஆரம்பிச்சு வீட்ல ஒரு 1,200 பிரிண்ட் இருக்கு, ஓரமெல்லாம் பழுப்பேறிடுச்சு, அதான் ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சேன். ஜேபெக் (JPEG) ஃபைலாதான் சேவ் பண்ணேன், கறைய எடுத்து எடுத்து அஞ்சாறு தடவ குவாலிட்டி கம்மியா வச்சே திரும்ப சேவ் பண்ணதுல பாட்டி புடவை ஜரிகை பக்கம் கட்டம் கட்டமா தெரியுது, மனசே ஆறல. படிச்சு பார்த்தா ஜேபெக் படத்த 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சு, கண்ணுக்கு அவ்வளவா தெரியாத நுணுக்கத்த தூக்கிடுமாம், போனது போனதுதான், அந்த ஃபைல டிஃப்பா (TIFF, இன்னொரு பட ஃபைல் வகை) மாத்தினாலும் திரும்பாது. அதனால அதையெல்லாம் மறுபடி ஸ்கேன் பண்ணப்போறேன்.

பிஎன்ஜி (PNG) ஃபைல், எல்இசட்டபிள்யூங்கற (LZW) எதையும் இழக்காத சுருக்கம் போட்ட டிஃப் ரெண்டுலயும் ஒரு பிக்சல்கூட மாறாது, சரி. ஆனா 4க்கு 6 இன்ச் பிரிண்ட்ட 600 டிபிஐல (இன்ச்சுக்கு 600 புள்ளி) கலர்ல எடுத்தா சுருக்குறதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 26 எம்பி, மொத்தமா 31 ஜிபி வரும், என் லேப்டாப்ல அவ்வளவு இடம் இல்ல.

டிஃப்ல ஒரிஜினல் வச்சுட்டு சொந்தக்காரங்களுக்கு அனுப்ப மட்டும் ஜேபெக் எடுத்தா போதுமா? கறுப்பு வெள்ளை போட்டோவ கிரேஸ்கேல்ல (கலர் இல்லாம சாம்பல் சாயல்ல மட்டும்) எடுத்தா சைஸ் மூணுல ஒரு பங்காகும், ஆனா அந்த பழுப்பு நிறம் போயிடுமே, நீங்கன்னா என்ன பண்ணுவீங்க? இத செஞ்சவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ், ஆல்பத்துல மிச்ச போட்டோவும் ஒட்டிக்கிட்டே வருது.