அட்டையில் அந்த ஆடு எங்கே?

பழைய அறிவியல் புனைகதையின் மறுபதிப்பை ஆசையாக வாங்கி, அட்டைப்படத்தைப் பார்த்து மனம் விட்டுப்போன அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிலிப் கே. டிக் 1968-இல் எழுதிய ‘டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலெக்ட்ரிக் ஷீப்?’ நாவலைப் பல வருடம் தேடினேன். கடைசியில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது 1982 மறுபதிப்பு. அட்டை முழுக்க சினிமா போஸ்டர். பெரிய எழுத்தில் ‘பிளேட் ரன்னர்’ என்று, இந்த நாவலை வைத்து எடுத்த படத்தின் பெயர். நாவலின் சொந்தப் பெயர் சின்னதாக, அடைப்புக்குறிக்குள். இது வேறு புத்தகம் என்று நினைத்து அதே அடுக்கை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

உள்ளே போனால், கதை தொடங்குவது ஒரு காலை நேரத்தில். மனநிலையை மாற்றும் ஒரு கருவியை வைத்துக் கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள். அப்புறம் அவன் மொட்டைமாடிக்குப் போய்த் தன் செம்மறியாட்டைப் பார்க்கிறான். அது மின்சார ஆடு. நிஜ ஆடு செத்துப்போனது அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதென்று மறைக்கிறான். உயிருள்ள ஒரு பிராணியை வளர்ப்பதுதான் அந்த உலகத்தில் கௌரவம். அந்த வெட்கமும் ஏக்கமும்தான் எனக்கு இந்த நாவலே. படத்தில் அந்த மனைவியும் இல்லை, அந்த ஆடும் இல்லை.

திரைக்கதையை வைத்துப் புதிதாக ஒரு நாவல் எழுதித் தரும்படி டிக்கிடம் கேட்டிருக்கிறார்கள். பெரிய தொகை. அவர் மறுத்துவிட்டார், பழைய நாவலையே மறுபடி போடச் சொன்னார். 1982 மார்ச்சில் இறந்தார். படம் ஜூனில் வந்தது. அவ்வளவு பணத்தை வேண்டாமென்று சொல்லி அவர் காப்பாற்றிய புத்தகம் இது. அதன் அட்டையில் ஒரு ஆட்டை வரைந்திருக்கக் கூடாதா?

*

வாசகர் ஒருவர்: எனக்கு இப்படி ஆனது ஹெச்.ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவலில். காப்புரிமை முடிந்த புத்தகம், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மகளுக்காக வாங்கிய மலிவுப் பதிப்பின் அட்டையில், சிவந்த மண்ணில் ஒரு விண்வெளி வீரர் நிற்கிறார். நாவலில் யாருமே செவ்வாய்க்குப் போவதில்லை! செவ்வாய்க்காரர்கள்தான் இங்கிலாந்தில் வந்து விழுந்து, மூன்று கால் இயந்திரங்களில் லண்டனை நோக்கி நடக்கிறார்கள். பாதி படித்த பிறகு மகள் கேட்டாள்: “இந்த அங்கிள் எப்பப்பா வருவார்?”

வெல்ஸுக்கே இந்தக் குறை இருந்தது. 1897-இல் ‘பியர்சன்ஸ்’ இதழில் தொடராக வந்தபோது வார்விக் கோபிள் வரைந்த விறைப்பான இயந்திரங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. மறுவருடம் புத்தகமாக்கியபோது, ஓர் ஓவியர் அந்த இயந்திரங்களைத் தப்பாக வரைந்துவிட்டார் என்று கதைசொல்லியே குறைப்படும் ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டார். 1906 பெல்ஜியப் பதிப்புக்கு ஆல்விம் கொரியா வரைந்த படங்களைத் தேடிப் பாருங்கள். அதில் ஒன்றைப் போட்டிருந்தாலே போதும்.

*

இன்னொரு வாசகர்: ஆக்டேவியா பட்லரின் ‘டான்’ (விடியல்) நாவல், 1987. நாயகி லிலித் கறுப்பினப் பெண், எழுதியவரும் கறுப்பினப் பெண். என்னிடம் இருக்கும் பழைய பதிப்பின் அட்டையிலோ ஒரு வெள்ளைக்காரப் பெண். கதையில் என்ன சொல்லியிருந்தாலும், படிக்கப் படிக்க அந்த அட்டை முகமே மனதில் வந்து நின்றது. இப்போது பள்ளிப் புத்தகம்போல பழுப்புத்தாள் போட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.