அலுவலக வேலையோடு அணிவகுப்புக் குதிரைப்படையில் தொண்டராக முடியுமா?

கேள்வி (ஆர்.கே.புரம் வாசகி):
அனைவருக்கும் வணக்கம். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். கல்லூரி நாட்களில் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவில் பயிற்சி பெற்றவள். வேலை, குடும்பம் என்று ஆன பிறகும் அந்த ஆசை என்னை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வசிக்கும் என் அண்ணன், தம்முடன் கணக்குப் பிரிவில் பணியாற்றும் ஒருவர் அம்மாநில ஆளுநரின் குதிரைக் காவலணியில் ஊதியமின்றித் தொண்டாற்றுவதாகச் சொன்னார். 1788-இல் தொடங்கிய அந்த அணியில், பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்தாம் சீருடை அணிந்து அரசு விழாக்களில் குதிரையேறி வருகிறார்களாம். தில்லியில் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையிலோ, ஜனவரியில் கடமைப் பாதைக்கு வரும் 61-ஆவது குதிரைப்படையிலோ என்னைப் போன்றவர்களுக்கு, லாயத்தைக் கூட்டும் வேலையாவது கிடைக்குமா? கிடைத்தால் அலுவலகத்தில் முன் அனுமதி பெற வேண்டுமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற ராணுவத்தார், துவாரகா):
தங்கைக்கு வணக்கம். இரண்டு படைகளிலும் அதற்கு வழியில்லை. 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் திரட்டிய மெய்க்காவல் படையின் வீரர்கள் விழாவுக்காக மட்டும் குதிரை ஏறுபவர்கள் அல்லர். பாராசூட்டில் குதிக்கவும் கவச வாகனம் ஓட்டவும் பயின்ற முழுநேரப் படைவீரர்கள். 61-ஆவது குதிரைப்படை, பழைய சமஸ்தானங்களின் குதிரைப் பிரிவுகளை ஒன்றாக்கி 1953-இல் உருவானது. அதன் தலைமையிடம் ஜெய்ப்பூர். (தில்லியின் தீன் மூர்த்தி போர் நினைவிடத்தில் நிற்கும் மூன்று சிலைகளில் ஒன்று மைசூர்க் குதிரைப்படையைக் குறிப்பது. முதல் உலகப் போரின்போது, 1918-இல், இன்றைய இஸ்ரேலிலுள்ள ஹைஃபாவில் போரிட்ட அந்தப் படையின் மரபும் இதில்தான் வந்து சேர்ந்தது.) அமெரிக்க அணி, குடிமக்களே தொண்டர்களாகச் சேரும் மாநிலக் குடிப்படை மரபில் வந்தது என்பதால் அங்கே ஊழியர்களுக்கு இடமிருக்கிறது. நம் நாட்டில் வேலையில் இருந்துகொண்டே சீருடை அணிய வழி செய்வது பிரதேச ராணுவம். 1949 அக்டோபரில் ராஜாஜி தொடங்கிவைத்தது அது. ஆனால் அங்கே குதிரை இல்லை.

சனிக்கிழமைகளில் குடியரசுத் தலைவர் மாளிகை முற்றத்தில் நடக்கும் காவல் மாற்று நிகழ்ச்சிக்கு முன்பதிவு செய்து போய்ப் பாருங்கள். வீரர்களை விட்டுவிட்டுக் குதிரைகளின் காதுகளைக் கவனியுங்கள். முரசு முழங்கும்போது ஒரு காது மட்டும் திரும்பும், கால் அசையாது. தீனி வேளையில் முதலில் தொலைவிலிருந்தும், பிறகு நாளுக்கு நாள் அருகிலிருந்தும் முரசொலியைக் கேட்கச் செய்து, பழகிய மூத்த குதிரையைப் பக்கத்தில் நிறுத்தித்தான் அந்த அமைதியை வரவழைக்கிறார்கள். குதிரைக்கு ஏறக்குறையச் சுற்றிலும் பார்வை உண்டு. நேர் பின்புறமும், நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிறு பகுதியும்தான் தெரியாது. அதனால் பின்னாலிருந்து படபடக்கும் கொடிக்குப் பழக்குவதுதான் மிகக் கடினம். விழா நாளில் யார் கண்ணிலும் படாத லாயக்காரர்களின் உழைப்பு அது.

பதில் 2 (அலுவலக நிர்வாகப் பிரிவு):
மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964-இன் 15-ஆவது விதிப்படி, அலுவல் கடமை பாதிக்கப்படாத வரை, சமூக அல்லது அறத் தன்மையுள்ள மதிப்புறு (ஊதியம் பெறாத) பணியை முன் அனுமதியின்றிச் செய்யலாம். அரசு நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும். ஊதியம் பெற்றால் அது வேறு வேலையாகிவிடும், அதற்கு முன் அனுமதி கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும், மேலதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3 (குதிரை மருத்துவத் தொண்டர், லஜ்பத் நகர்):
சகோதரி, அணிவகுப்புக் குதிரைகளுக்குக் கவனிப்பில் குறையில்லை. உங்கள் கை தேவைப்படுவது இந்நகரின் கல்யாணக் குதிரைகளுக்கு. முகூர்த்த மாதங்களில் பேண்டு, வெடி, விளக்கு வெளிச்சம் ஆகியவற்றுக்கு நடுவே மாப்பிள்ளையைச் சுமந்து நள்ளிரவு வரை நிற்கும் பெட்டைக் குதிரைகள், தேய்ந்த லாடத்தோடும் வாய் கிழிக்கும் முள் கடிவாளத்தோடும் விலங்கு மருத்துவ மையங்களுக்கு வந்து சேர்கின்றன. லாடத்தை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும் என்பதைச் செலவுக்கு அஞ்சிப் பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

என்.சி.சி.யில் கற்றது இங்கே நேரடியாகப் பயன்படும். தோளருகே வால் பக்கம் நோக்கி நின்று, கையைக் கால் வழியே கீழே இறக்கினால் குதிரை தானே காலைத் தூக்கித் தரும். குதிகாலிலிருந்து முனை நோக்கிக் கொக்கியால் அழுக்கை எடுக்கும்போது துர்நாற்றம் வீசினால் குளம்பு அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். தீனியை ஒதுக்கி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, முன்காலால் தரையைக் கீறும் குதிரைக்கு வயிற்றுவலி. அதை உடனே மருத்துவரிடம் சொல்ல ஆள் இருந்தால் உயிர் பிழைக்கும். இதற்குப் பட்டம் தேவையில்லை, நிதானமும் தவறாத வருகையும் போதும்.

முதலில் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். லாயத்து மண்ணில் அந்தக் கிருமி எப்போதும் இருக்கும். கோடையில் வேலை விடியற்காலையிலேயே முடிந்துவிடும் என்பதால் அலுவலக நேரத்துக்கு இடையூறு வராது. மீண்டும் சவாரி செய்ய விரும்பினால் சப்தர்ஜங் சாலையிலுள்ள தில்லி ரைடிங் கிளப்பில் விசாரியுங்கள்.