பழைய காலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடியவர்களை நேரில் பார்த்ததுண்டா?

2023 ஜூலையில், கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நெற்பயிர் நிற்கும்போதே, நெய்வேலி என்.எல்.சி. நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட பொக்லைன் இறங்கியதே, அந்த வாரம் சேத்தியாத்தோப்பில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், நிலத்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு கேட்கிறீர்கள் ஐயா என்று வாயை விட்டுவிட்டேன். முறைத்தார். "காசு யாரு தம்பி கேட்டா? எனக்கு அந்தக் குழா வேணும்."

சித்தப்பாதான் அப்புறம் விளக்கினார். நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் முன்பு போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பீறிட்டு வருமாம், அடியில் அவ்வளவு அழுத்தம். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கும் அந்த நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும், 1957இல் மண்ணை வெட்ட ஆரம்பித்து இன்றுவரை வேலை ஓய்ந்தபாடில்லை. பெரியவர் கேட்டது சின்ன வயதில் தலையை நீட்டிக் குளித்த குழாயை. எந்தக் கலெக்டர் அதற்குக் கையெழுத்துப் போடுவார்?

சோறு கொண்டுவந்த, நடவு வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இலை போட்டார். "அந்தக் குழால எங்களக் குடம் வைக்க விட்டாங்களாமா? என் பையனுக்கு நிரந்தர வேல போட்டுக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். பெரியவர் வாயைத் திறக்கவில்லை, சாப்பிட்டார்.

---

மேலே கேட்டவருக்கு, புதுச்சேரியின் பாகூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே சண்டை ஏரிக்கு. தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக எங்கள் ஏரிக்கு வர வேண்டும், வாய்க்கால் தூர்ந்தால் எல்லாம் போச்சு. எந்தக் கூட்டம் போட்டாலும் ஒரு தாத்தா எழுந்து, பிரெஞ்சுக்காரன் காலத்து ஏரிச் சங்கம் மாதிரி வருமா என்று ஆரம்பிப்பார், கை தட்டுவோம், நானும் தட்டியிருக்கிறேன்.

வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னால் அப்பா சிரித்தார். அவருடைய அப்பா ஏரி மடை திறந்துவிடும் வேலை பார்த்தவர், கூலி என்பது அறுவடையில் களத்துக்கு வெளியே நின்று வாங்கும் நெல். "அந்தச் சங்கத்துக் கூட்டத்துல உன் தாத்தன் எங்க நின்னுருப்பான்னு அந்த ஆளக் கேட்டுட்டு வாடா."

கேட்கவில்லை, தைரியம் வரவில்லை. ஆனால் அடுத்த மறியலுக்கு அப்பாவே கிளம்பி வந்தார். பழைய சங்கத்தை மீட்போம் என்றபோது பீடியைத் தேடிக்கொண்டிருந்தார், வாய்க்காலைத் தூர் வாரு என்றபோது மட்டும் கையைத் தூக்கினார்.